வெயிலில் கருகியதல்ல, போருக்குள் வெந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஆங்கில உழவுச் சொற்கள் கட்டுரையில், 'மௌபர்ன்ட்' என்ற பழஞ்சொல்லுக்கு 'அறுத்தபின் வெயிலில் கருகிய புல்' என்று பொருள் தந்திருந்தீர்கள். 'மௌ' அறுப்பு, 'பர்ன்ட்' கருகியது என்று எழுத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அது வெயில் போதாமல் கெட்ட புல்.

ஆங்கிலத்தில் mow என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உண்டு. 'மோ' என்று ஒலித்தால் புல் அறுப்பது. பழைய ஆங்கில 'மாவன்' அதன் மூலம். (இன்று பின்விளைவு என்ற பொருளில் வழங்கும் 'ஆஃப்டர்மாத்' கூட அந்த வேரில் பிறந்ததுதான்; முதலில் அது அறுத்த நிலத்தில் மறுபடி தழைத்த புல்லின் பெயர்.) 'மௌ' என்று ஒலித்தால் போர், அதாவது நம் வைக்கோற்போர் போன்ற குவியல். பழைய ஆங்கிலத்தில் 'மூகா', ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'மூகி'. இங்கிலாந்தில் 'பார்லி மௌ' என்ற பெயரில் இன்றும் பப்கள் இருக்கின்றன. அந்த மௌ கதிர்ப்போரைத்தான் குறிக்கிறது. ஆக, மௌபர்ன்ட் என்றால் போருக்குள்ளேயே வெந்துபோனது.

வெந்தது என்பது வெறும் பேச்சுக்கு அல்ல. ஈரம் வற்றாத புல்லைப் போர் போட்டால், உயிர் அடங்காத புல்லும் அதிலுள்ள நுண்ணுயிரிகளும் சுவாசித்தே சூட்டைக் கிளப்பும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே ஆபத்து. சூடு ஏற ஏறப் புல் பழுப்பாகிப் புகையிலை வாசம் அடிக்கும். அளவு மீறினால் போர் தானே தீப்பற்றிக்கொள்ளும். அதனால் அங்குள்ள உழவர்கள் நீண்ட இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செருகி வைப்பார்கள். சற்றுப் பொறுத்து உருவி, உள்ளே இருந்த நுனியைக் கையால் பிடித்துப் பார்ப்பார்கள். பிடிக்க முடியாத சூடென்றால் போரைப் பிரித்தாக வேண்டும். போர் போடும்போதே நடுவில் வைக்கோல் திணித்த சாக்கை நிறுத்தி, போர் உயர உயர அதை மேலே இழுத்து, சூடு வெளியேற வழி விடுவதும் அக்காலத்து வழக்கம்.

கால்நடை மருத்துவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேசாக வெந்த புல்லை அதன் இனிப்பு வாசத்துக்காகவே மாடுகள் ஆசையாகத் தின்னும். அதை வைத்துச் சத்துள்ள தீவனம் என்று நம்பிவிடக் கூடாது. சூட்டில் புரதம் சர்க்கரையோடு பிணைந்துகொள்வதால், அதில் ஒரு பகுதி செரிக்காமல் சாணத்தோடு போய்விடும். பார்லிக்கும் இதே சொல்தான்: போரில் வெந்த பார்லி முளைக்காது, பார்லியை முளைக்கவைத்து மால்ட் போடுபவர்கள் அதைத் தொட மாட்டார்கள்.

அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல்