டைகர் போனது எதனால்: முத்துவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முத்து,

சென்னையிலிருந்து விமானத்தில் ஜெர்மனிக்கு வந்த உங்கள் பக் நாய் டைகர் இரண்டாம் நாளே இறந்துவிட்டான் என்ற உன் மின்னஞ்சல், கீதா அனுப்பிய அவனது ரத்தப் பரிசோதனை அறிக்கை, கூண்டின் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. மற்றதைப் பேசுவதற்கு முன் அவசரமான ஒன்று. டைகரின் உடல் இன்னும் கிளினிக்கில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்ததும் அவர்களுக்கு போன் போடு. 4 டிகிரி குளிரில், சாதாரண ஃபிரிட்ஜில் வைக்கச் சொல். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். உறைந்துவிட்டால் பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிடும், மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்தில் கீஸன் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளினிக் மூலமாகவே அங்கே அனுப்பக் கேள். போஸ்ட்மார்ட்டம் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது, இரண்டு நாளைத் தாண்ட விடாதே. தகனத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவனை அறுக்க வேண்டுமா என்று கீதாவுக்கு மனசு கேட்காது. ஆனால் எதனால் போனான் என்று உறுதியாகத் தெரியாமல் இருப்பது அவளை இன்னும் அதிகமாக வாட்டும்.

இறங்கும்போது வாலாட்டிக்கொண்டு வந்தவன் இரண்டாம் நாள் ராத்திரி எப்படிச் செத்தான் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்தவரை இது ஹீட் ஸ்ட்ரோக். அதன் குணமே அப்படித்தான். உடல் சூடு 41 டிகிரியைத் தாண்டும்போது குடலின் உட்சுவர் சேதமாகிறது. அங்கிருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தக் குழாய்களின் உள்பக்கமும் புண்ணாவதால் உடம்பெங்கும் குட்டிக் குட்டிக் கட்டிகளாக ரத்தம் உறைகிறது. அதில் பிளேட்லெட்டும் உறையவைக்கும் புரதங்களும் தீர்ந்துபோய், கடைசியில் ரத்தம் நிற்காமல் கசியத் தொடங்குகிறது. இதெல்லாம் நடந்து முடிய 24 முதல் 72 மணி நேரம் ஆகும். நடுவில் நாய் தண்ணீர் குடிக்கும், தூங்கும், தேறிவிட்டது போலவே தெரியும். வயிற்றில் சிவப்புப் புள்ளிகள், ரத்தம் கலந்த பேதி, அறிக்கையில் பிளேட்லெட் 38,000, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும்படி ஏறிக்கிடக்கும் கிரியாட்டினின் என்று நீங்கள் சொன்ன எல்லாமே இதோடு பொருந்துகின்றன. வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்திருக்கவும் இடம் உண்டு, பக் நாய்களில் அது சகஜம். எது என்று போஸ்ட்மார்ட்டம் சொல்லிவிடும்.

விமானத்தின் வயிற்றுப் பகுதியில் காற்று இருக்காது, அங்கேதான் மூச்சுத் திணறியிருப்பான் என்று உன் மாமனார் சொல்கிறாராமே. பிராணிகளை ஏற்றும் அறையிலும் காற்றழுத்தம் பயணிகள் இருக்கும் இடத்தில் உள்ள அளவுதான், வெப்பமும் கட்டுப்பாட்டில் இருக்கும். பெரும்பாலும் ஆபத்து தரையில்தான் இருக்கிறது. கார்கோ கிடங்கில் காத்திருக்கும் நேரம், தள்ளுவண்டியில் விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கும் நேரம், ஏற்றிக் கதவைச் சாத்திய பின்னும் விமானம் நகராமல் நிற்கும் நேரம், இவைதான் கணக்கு. அமெரிக்க விதியில், ஏற்றி இறக்கும்போது நாய் 29.4 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் 45 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மே மாதத்து மீனம்பாக்கத்தில் நள்ளிரவிலும் 30 டிகிரி இருக்கும், அதோடு கடல் காற்றின் ஈரம் வேறு. நாய்க்குச் சூடு தணிவது பெரும்பாலும் மூச்சிரைப்பில் நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போதுதான். காற்றே ஈரமாக இருந்தால் எப்படி ஆவியாகும்? "ராத்திரி ஃபிளைட் சார், கவலையே இல்லை" என்று டைகரை அனுப்பிவைத்த உன் ஏஜென்ட் சொன்னது வெறும் பேச்சு.

பக்குக்கு இது இரட்டைச் சுமை. மூக்குத் துளை இடுக்கு, தொண்டைப் பக்கம் மேல்வாயின் மென்மையான பின்பகுதி, அதாவது மென்னண்ணம், நீளம். அந்த வழியாக மூச்சை இழுக்க மார்புத் தசைகள் கடுமையாக உழைக்க வேண்டும், அந்த உழைப்பே புதிய சூட்டைக் கிளப்பும். இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கி வழி இன்னும் அடைபடும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-ல் வெளியிட்ட கணக்கில், சுமார் ஐந்து ஆண்டுகளில் விமானப் பயணத்தில் இறந்த 122 நாய்களில் ஏறக்குறைய பாதி சப்பை மூக்கு இனங்கள். புல்டாக் 25, பக் 11. பல விமான நிறுவனங்கள் இந்த இனங்களை கார்கோவில் ஏற்றுவதில்லை என்பது சும்மா இல்லை.

ஏஜென்ட் கொடுத்தானே அரை மாத்திரை, அதன் பெயரை எழுத்தில் வாங்கு. அசெப்ரோமசீன் என்ற மயக்க மருந்தாக இருந்தால் அது பெரிய விஷயம். அது ரத்த அழுத்தத்தை இறக்கும், உடல் தன் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் கெடுக்கும். விமானப் பயணத்துக்கு மயக்க மருந்து கூடாது என்றுதான் கால்நடை மருத்துவர் சங்கங்களும் விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவும் சொல்கின்றன.

இனி நஷ்ட ஈடு. கையில் இருப்பது ஏர்வே பில், அதாவது விமானச் சரக்கு ரசீது என்றால் டைகர் சட்டப்படி சரக்கு. சர்வதேச விமானப் பயண நஷ்ட ஈட்டுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போயாக வேண்டும், வழக்கு போட 2 ஆண்டு. புகார் இல்லாமல் பெற்றுக்கொண்டால் சரக்கு நல்ல நிலையில் வந்தது என்றே முதலில் கொள்வார்கள். அதனால் நாளைக்கே எழுது. உயிரோடு கைக்கு வந்தவன் பிறகு இறந்ததால், கேடு பயணத்தின்போதே நடந்தது என்று நீ காட்ட வேண்டியிருக்கும். பிராணியின் உடற்குறைதான் காரணம் என்று அவர்கள் கைகழுவப் பார்ப்பார்கள். சென்னையில் வாங்கிய உடல்நலச் சான்று, அங்கே முதல் தடவை டாக்டர் எழுதிய குறிப்பு, அதிலுள்ள நேரம், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இவை உன் பக்கம். கூண்டைக் கழுவாதே, கிண்ணத்தோடு அப்படியே வை.

கூண்டின் அளவு நமக்கு எதிராகத் திரும்பலாம். ஐயாட்டா விதிப்படி, நீளம் என்பது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, அதோடு தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதி. அகலம் தோளகலத்தைப் போல இரண்டு மடங்கு. உயரம் நின்றால் தலையோ காது நுனியோ எது மேலோ அது வரை, விரிப்பின் தடிமனும் சேர்த்து. சப்பை மூக்கு என்றால் எல்லாவற்றிலும் 10 சதவீதம் கூடுதல். படத்தில் டைகரின் காது கூரையில் இடிக்கிறது. ஆனால் ஏற்றுக்கொள்ளும்போது கார்கோ ஆள் ஒரு சரிபார்ப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டிருப்பார். அதன் நகலைக் கேள். கூண்டு சரி என்று அவர்களே குறித்திருந்தால், கூண்டு சிறியது என்ற வாதம் எடுபடாது.

பெரிய தொகையை எதிர்பார்க்காதே. சரக்குக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). கூண்டோடு 17 கிலோ என்றால் 442, அதாவது 500 யூரோ சொச்சம். முன்கூட்டியே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால்தான் அதற்கு மேல். லக்கேஜாகப் போயிருந்தாலும் 1,519 எஸ்டிஆரோடு நின்றுவிடும். 2019-ல் பியூனஸ் அயர்ஸ் விமான நிலையத்தில் தப்பியோடிய ஒரு நாயின் வழக்கில், வளர்ப்புப் பிராணியும் லக்கேஜ்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை, சட்டம் என்னவோ அதுதான்.

உங்கள் பூனை மீனுவை இனி கொண்டுவரவே பயமாக இருக்கிறது என்கிறாள் கீதா. பூனை விஷயம் வேறு. கூடையோடு 8 கிலோவுக்குள் இருந்தால் பல நிறுவனங்களில் சீட்டுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு வரலாம். ரேபிஸ் ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே தேறியாகிவிட்டது, ஊசியை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் போட்டுவந்தால் அது செல்லும். பள்ளிக்கரணையிலுள்ள அரசுப் பிராணித் தனிமைப்படுத்தல் நிலையத்தில் வாங்கும் சான்றிதழுக்கு 10 நாள்தான் ஆயுள். உங்கள் இருவரில் ஒருவர் வந்துதான் அழைத்துப் போக வேண்டும். உரிமையாளர் பயணத்துக்கும் பிராணியின் பயணத்துக்கும் 5 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் வியாபாரச் சரக்கு விதிகளில் மாட்டிக்கொள்வீர்கள்.

செக்யூரிட்டியில் கூடை எக்ஸ்ரேக்குள் போகும், மீனுவைக் கையில் தூக்கித்தான் நடக்க வேண்டும். சேணப் பட்டை (ஹார்னஸ்) மாட்டாமல் அந்த இடத்தில் ஜிப்பைத் திறக்காதே, தனி அறை கேட்டால் தருவார்கள். போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போ, பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.

டிசம்பரில் வருவதாக இருந்தால் தேதியைச் சொல். துணிக் கூடையை இப்போதே உன் மாமனார் வீட்டு ஹாலில் திறந்து வைக்கச் சொல்கிறேன், அதற்குள்தான் இனி மீனுவுக்குச் சாப்பாடு. பதட்டத்துக்கு கபாபென்டின் என்ற மருந்து தேவையா என்று நவம்பரில் வீட்டிலேயே ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிடலாம். கிளினிக் என்ன சொன்னது என்று இன்று ராத்திரியே எழுது.

அன்புடன்,
சுந்தரம்