பார்த்ததற்கு மட்டும் கோடு

அன்புள்ள முருகா,

உன் பார்சல் வந்து ஐந்து மாதம் ஆகிறது. கைக்குக் கிடைத்தது என்றுகூட நான் ஒரு வரி எழுதவில்லை. நீ கோபமாக இருப்பாய், தெரியும். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை ஆயிற்று. முதலில் வலது கண், ஆறு வாரம் கழித்து இடது. நடுவில் குளியலறையில் வழுக்கி இடுப்பில் அடி. எலும்பு முறியவில்லை, ஆனால் இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தார். இப்போது கம்பு ஊன்றித் திண்ணைவரை வருகிறார். அம்மா சுகம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். செல்வராஜ் அண்ணன் அந்த ஸ்கூட்டரை ஒருவழியாக விற்றுவிட்டார். யாரிடம் விற்றார் என்பதை நேரில்தான் சொல்வேன், கடிதத்தில் எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். பேப்பரில் டெண்டர் விளம்பரம்வரை விடாமல் படிக்கிற மனிதர். கண்ணில் கட்டோடு எத்தனை நாள் சும்மா கிடப்பார்? ஒரு ராத்திரி, 'ஏலே, ஏதாவது வாசியேன்' என்றார். கைக்கு எட்டியது உன் பார்சல்தான். கென்னடி ஷா 1945ல் எழுதிய 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்'. இங்கிலீஷில் பார்த்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பத்துப் பக்கத்தில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு அம்மா வந்து விளக்கை அணைத்தாள்.

நீ எழுதியிருந்தாய், உளவுப் படைகளைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் சண்டைக் கதைகள்தானே என்று. இந்தப் புத்தகத்தில் சண்டை கொஞ்சம்தான். மணல், தண்ணீர், டயர், நட்சத்திரம், இதெல்லாம்தான் அதிகம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்குகிறது. லிபியா அவர்கள் கையில், எகிப்து ஆங்கிலேயர் கையில். நடுவில் கிடக்கிற பாலைவனத்தை நீள அகலத்தில் நம் இந்தியாவோடு ஒப்பிடுகிறார் கென்னடி ஷா. அதற்குள் யாரும் வர முடியாது என்று இரு தரப்பும் நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த மணலுக்குள் பல வருஷம் சொந்தச் செலவில் ஃபோர்டு கார் ஓட்டித் திரிந்தவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஓய்வுபெற்ற மேஜர். போர் வந்ததும் திரும்ப அழைக்கப்படுகிறார். வேறு எங்கோ போக வேண்டியவர். கப்பல் விபத்துக்குள்ளாகி எகிப்தில் ஒதுங்கியதால் கெய்ரோ போய்ச் சேர்கிறார். அங்கே பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைவராக இருந்த ஜெனரல் வேவலிடம் தன் திட்டத்தைச் சொல்கிறார். ஆறு வாரத்தில் தயாராக முடியுமா என்று கேட்கிறார் வேவல். ஆறு வாரத்தில் படை தயார். அந்தப் படையின் பெயர்தான் புத்தகத்தின் தலைப்பு. ஆட்கள் பெரும்பாலும் நியூசிலாந்து விவசாயிகள். வண்டி டாங்கி அல்ல, ஒன்றரை டன் ஷெவர்லே லாரி.

ரேடியேட்டர் விஷயத்தை அப்பா மூன்று முறை வாசிக்கச் சொன்னார். இஞ்சின் கொதித்து வெளியேறுகிற ஆவியை வீணாக்காமல் ஒரு குழாய் வழியாக, பாதி தண்ணீர் நிரப்பிய டப்பாவுக்குள் விடுகிறார்கள். ஆவி அங்கேயே குளிர்ந்து தண்ணீராகிறது. இஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு சொட்டுப் போகாது. அப்புறம் சூரியத் திசைகாட்டி. லாரியின் இரும்பு சாதாரணக் காந்த ஊசியைக் குழப்பிவிடும். அதனால் நிழலை வைத்துத் திசை பார்க்கிற கருவியை முகப்பில் பொருத்தி, வண்டியை நிறுத்தாமலே ஓட்டினார்கள். ராத்திரியில் நட்சத்திரத்தை அளந்து இடத்தைச் சரிபார்த்தார்கள். கையில் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு ஓமானில் வஹீபா மணலில் மூன்று மணி நேரம் புதைந்து நின்றாயே, ஒரு பதூயின் நாடோடிப் பெரியவர் வந்து டயரில் காற்றை இறக்கிவிட்டு இழுத்துப் போட்டாரே, உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று அப்பாவே சொன்னார். பாக்னால்டின் ஆட்களும் அந்த வித்தையைத்தான் செய்தார்கள்: காற்றை இறக்கு, இரும்புத் தகட்டைச் சக்கரத்தின் கீழே கொடு, தள்ளு.

இதையெல்லாம் ரசித்துக் கேட்டவர், ஒரு அத்தியாயம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாலைக் காவல் என்று தமிழில் சொல்லலாம்.

1942 மார்ச் 2 முதல் ஜூலை 21 வரை, இரவு பகல் விடாமல், திரிப்போலியிலிருந்து பெங்காசி போகிற கடற்கரைச் சாலையை இந்தப் படை பார்த்துக்கொண்டிருந்தது. முசோலினி கட்டிய பெரிய வளைவிலிருந்து சுமார் ஐந்து மைல் தள்ளி. ஜெர்மன் தளபதி ரோமலின் படைக்குப் போகிற டாங்கி, பெட்ரோல், ஆள் எல்லாம் அந்த ஒரே சாலையில்தான் போக வேண்டும். லாரிகளை இரண்டு மூன்று மைல் உள்ளே ஒரு ஓடைப் பள்ளத்தில் மறைத்துவிட்டு, விடியுமுன்னே இரண்டு பேர் நடந்து வந்து, சாலையிலிருந்து முந்நூறு கஜத்தில் படுத்துவிடுவார்கள். மறைவுக்கு முழங்கால் உயரச் செடிதான். பகல் முழுக்க எழுந்து நிற்கக் கூடாது. பைனாகுலர், நோட்டு, பென்சில், வண்டிகளின் உருவப்படம். இருட்டியதும் தவழ்ந்து போய்ச் சாலைக்கு முப்பது கஜத்தில் கிடந்து, வண்டியின் உருவத்தையும் சத்தத்தையும் வைத்துக் குறித்துக்கொள்வார்கள். மறுநாள் விடியுமுன்னே அடுத்த இருவர். ஒரு படைப்பிரிவு காவலில் இருக்கும்போது இன்னொன்று வழியில் வந்துகொண்டிருக்கும், மூன்றாவது திரும்பிக்கொண்டிருக்கும். டாங்கிகள் போனால் உடனே வயர்லெஸ். ஒருமுறை எதிரியின் வண்டி வரிசை ஒன்று பக்கத்திலேயே ஒதுங்கி முகாம் போட்டுவிட்டது. இவர்கள் அசையாமல் கிடந்தார்கள். சுடவில்லை. சுட்டால் ஐந்து பத்து பேர் சாவார்கள், ஆனால் அந்தச் சாலையை அப்புறம் பார்க்கவே முடியாது.

அப்பா கேட்ட முதல் கேள்வி: 'மாத்து ஆள் எத்தனை மணிக்கு ஒருக்கா?' இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றேன். 'கண்ணு தாங்காதே' என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நாம் நாலாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஒரு வாரம் வீட்டுக்கே வராமல், நாங்குநேரிக்குத் தெற்கே ரோட்டோரம் புளிய மரத்தடியில் இருப்பாரே? நானும் நீயும் சைக்கிளில் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவோமே? நெடுஞ்சாலைத் துறையின் போக்குவரத்துக் கணக்கெடுப்பு அது. ஏழு நாள், இருபத்துநாலு மணி நேரமும், போகிற வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. மாட்டு வண்டிக்கு ஒரு கட்டம், சைக்கிளுக்கு, பஸ்ஸுக்கு, லாரிக்கு என்று தனித்தனிக் கட்டம். ராத்திரியில் வெளிச்சம் கண்ணைக் கூசும், உருவம் தெரியாது. சத்தத்தை வைத்தே லேலண்டா பென்ஸா, லோடு இருக்கிறதா காலியா என்று சொல்லிவிடுவார்.

கெய்ரோவில் இருந்த உளவுத் துறையின் குறிப்பு ஒன்று இந்தச் சாலைக் காவலைப் போக்குவரத்துக் கணக்கெடுப்பு என்றே குறிப்பிடுகிறது, முருகா. அதை வாசித்ததும் அப்பா கண் கட்டோடு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி கண் அயர்ந்துவிட்டாராம். விழித்தபோது மணி மூன்றரை. அரை மணி நேரம் கணக்கில் இல்லை. பக்கத்தில் இருந்தவர், 'முந்தின ராத்திரிக் கணக்கைப் பார்த்து அதே மாதிரி பத்துக் கோடு போட்டுரு, யாருக்குத் தெரியும்' என்றாராம். அப்பா அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, 'தூங்கிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். திட்டு வாங்கினாராம். 'பார்த்ததுக்கு மட்டும்தாம்லே கோடு. பார்க்காத வண்டிக்குக் கோடு போட்டா ரோடு தப்பாப் போயிரும்' என்றார். ஐம்பது வருஷமாக இதை எங்களிடம் சொன்னதில்லை.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். உன் மகன் ராணுவத் தேர்வுக்குப் படிக்கிறான், கமாண்டோ புத்தகமாக வாங்கிக் குவிக்கிறான், நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தாய். அவன் ஈராக் புத்தகங்களைப் படித்திருப்பான். 1991 வளைகுடாப் போரில் பிரிட்டிஷ் சிறப்புப் படையின் எட்டுப் பேர் எதிரி நிலத்துக்குள் இறங்கினார்கள். பிராவோ டூ ஜீரோ என்பது அந்தக் குழுவின் பெயர். இவர்களுக்கும் முக்கியமான வேலை ஒரு சாலையைக் கண்காணிப்பதுதான். சில நாளிலேயே மாட்டிக்கொண்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள், நாலு பேர் பிடிபட்டார்கள், ஒருவர் நடந்தே சிரியா போய்ச் சேர்ந்தார். தலைவர் 1993ல் புத்தகம் எழுதினார், நடந்து போனவர் 1995ல் எழுதினார். 2002ல் மைக்கேல் ஆஷர் என்ற எழுத்தாளர், அதே படையில் இருந்தவர், ஈராக்குக்கே போய் அங்கே இருந்த ஆடு மேய்க்கிற குடும்பத்தைப் பார்த்துப் பேசிவிட்டு, பெரிய சண்டைகளாக எழுதப்பட்டவை பல அப்படி நடக்கவே இல்லை என்று எழுதினார். இறந்துபோன ஒரு சார்ஜென்ட் மேல் பழி விழுகிற மாதிரி எழுதிவிட்டார்கள் என்று அவர் குடும்பம் மனம் நொந்தது. உயிரோடு இல்லாதவன் எழுந்து வந்து மறுத்துப் பேச முடியாதே. எனக்கு இதுதான் தாங்கவில்லை. அவர்கள் பட்ட பாடு உண்மை, குளிர் உண்மை, சாவு உண்மை. ஆனால் போய்ப் பார்த்து, பார்த்ததை வந்து சொல்வதே தொழிலாகக் கொண்டவன் சொல்கிற எண்ணிக்கையை நம்ப முடியாமல் போனால் என்ன மிச்சம்?

பையனிடம் அந்தப் புத்தகங்களைப் பிடுங்காதே. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல். அப்புறம் கென்னடி ஷாவைக் கொடு. அதில் ரொனால்ட் மூர் வருவார். 1941 ஜனவரி கடைசியில் ஜெபல் ஷெரீஃப் என்ற இடத்தில் இவர்கள் படைப்பிரிவு அடிவாங்கிச் சிதறியபோது, பாறைக்குள் தப்பிய நாலு பேர் சரணடைய மாட்டோம் என்று தெற்கே நடக்க ஆரம்பித்தார்கள். மூருக்குக் காலில் காயம். கையில் இருந்தது ஒரு டின்னில் கொஞ்சம் தண்ணீர். பத்தாம் நாள் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்தபோது அவர் இருநூறு மைல் நடந்திருந்தார், இன்னும் நடந்துகொண்டிருந்தார். அந்த நாலு பேரில் ஈஸ்டன் என்பவர் மீட்கப்பட்ட பிறகு இறந்துபோனார். இதைக் கென்னடி ஷா அலங்காரம் இல்லாமல் எழுதியிருக்கிறார். என்னால்தான் அன்றைக்கு மேலே வாசிக்க முடியவில்லை.

இன்னொன்று, இதை உன் பையனுக்கு அவசியம் சொல். பாக்னால்ட் மணல் எப்படி நகர்கிறது, மேடு எப்படி உருவாகிறது என்று காற்றுச் சுரங்கம் வைத்து ஆராய்ந்து எழுதிய புத்தகம் 1941ல் வந்தது, அவர் படை லிபியாவில் சுற்றிக்கொண்டிருந்த அதே சமயம். 2015ல் செவ்வாய்க் கிரகத்தில் கியூரியாசிட்டி ஊர்தி போய்ப் பார்த்த மணல்மேடுகளுக்கு பாக்னால்ட் மேடுகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். 'அங்கேயும் டயர்ல காத்தை இறக்கணுமோ?' என்று கேட்டார். அந்த ஊர்திக்கு அலுமினியச் சக்கரம் என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இடது கண்ணில் இன்னும் மூடி. ரோட்டில் ஏதோ போயிற்று. 'லேலண்டு, லோடு வண்டி' என்றார். எட்டிப் பார்த்தேன். செங்கல் ஏற்றிய லேலண்ட்தான்.

தைக்கு வருவாய் அல்லவா? வரும்போது டேவிட் லாயிட் ஓவன் எழுதிய புத்தகம் கிடைத்தால் கொண்டு வா, அவரும் அந்தப் படையில் இருந்தவர், பிறகு அதன் தலைவரானவர். அதோடு லிபியா, எகிப்து இரண்டும் சேர்ந்த வரைபடம் ஒன்று, கிடைப்பதிலேயே பெரியதாக. எகிப்தில் அந்தப் படை தங்கியிருந்த சிவா என்ற பாலைவனச் சோலையிலிருந்து அந்தச் சாலைவரை பென்சிலால் கோடு போட்டுப் பார்க்க வேண்டுமாம் அப்பாவுக்கு. பென்சில் இப்போதே சீவி வைத்துவிட்டார்.

அன்புடன்,
உன் சங்கரன்