அநுலாவுக்கு அரச வரவு தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அநுராதபுரத்தில் ஆண்ட அநுலா அரசியின் கதை முள்ளியவளையில் கூத்தாக அரங்கேறிவிட்டது. கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் குழுவின் சார்பில் நன்றி.

முதலில், மதவாச்சிப் பக்கத்து விகாரையின் பிக்குவுக்கு. இலங்கை மன்னர் வரலாற்றைச் சொல்லும் பௌத்த நூலான மகாவம்சத்தின் 34ஆம் அத்தியாயத்தைப் பாளியில் வாசித்து, வரிக்கு வரி பொருள் சொன்னார். கணவன் சோரநாகன் முதல் நீலியன் வரை ஆறு மன்னர்களுக்கு நஞ்சு வைத்தவள், இச்சைக்காக அரியணையை ஆள்மாற்றி ஆள்மாற்றிக் கொடுத்தவள் என்பதே அங்கே அவளைப் பற்றிய முழுச் செய்தி. அவள் தனியாக ஆண்ட நான்கு மாதங்களில் என்ன செய்தாள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. சோரநாகன் பதினெட்டு விகாரைகளை இடித்தவன். அவளைக் கொன்று முடிசூடிய குடகண்ண திஸ்ஸனோ அவளுக்கு அஞ்சித் துறவு பூண்டிருந்தவன். அவள் காலத்துக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழித்து அந்நூலை எழுதியவரும் மகாவிகாரை என்ற பௌத்த மடத்தின் துறவிதான். எழுதிய கை எந்தப் பக்கம் நின்றது என்பதை அந்தப் பெரியவரே மறைக்காமல் எடுத்துக் காட்டினார். அவருடைய நேர்மைக்குத் தலைவணங்குகிறோம்.

கூத்துப் பழக்கிய எங்கள் அண்ணாவியாருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது! அநுலாவைச் சூழ்ச்சிக்காரியாக ஆடவிடலாம் என்று சிலர் சொன்னபோது அவர் மத்தளத்தைக் கீழே வைத்துவிட்டார். “நாலு மாதம் என்றாலும் முடி சூடி ஆண்டவள். அவளுக்கு அரச வரவுதான்” என்றார். மன்னர் ஆடியபடி அரங்குக்குள் வருவதுதான் அரச வரவு. சல்லாரித் தாளம் அதிர, அநுலாவாக ஆடிய பிள்ளை முடியோடு கூத்துக் களரியைச் சுற்றி வந்த வேகத்தில் சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அயலவர் முகம் சுளித்தும் மகளை இந்த வேடத்துக்கு அனுப்பிய தாய்க்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

அவள் நஞ்சு வைத்ததாகச் சொல்லப்படும் மன்னர்களுள் வடுகன் நகரத் தச்சன், தமிழன். அவனாக ஆடிய தம்பிக்கு எங்கள் ஊர்த் தச்சு ஆசாரி தமது உளியையும் கொட்டாப்புளியையும் கொடுத்து, மரத்தில் உளி வைக்கும் சாய்வைக்கூடக் கைபிடித்துக் காட்டினார். முடி கட்டிய அக்காவுக்கும், கதிரை தந்த வாசிகசாலைக்கும், தேநீர் ஊற்றிய மாதர் சங்கத்துக்கும் நன்றி.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று வாதாடிய பெரியவர்களையும் மறக்கவில்லை. “அவள் நஞ்சு வைக்கவில்லை என்கிறீர்களா?” என்று கேட்டார்கள். அப்படிச் சொல்ல எங்களிடம் சான்று இல்லை. வைத்தாள் என்பதற்கும் அந்த ஒரு பக்கத்துச் சாட்சிதான் இருக்கிறது. யசலாலக திஸ்ஸன் என்ற மன்னனைக் கொல்வித்துத் தானே மன்னனான வாயிற்காவலன் சுபனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறோம். அரியணைக்காகக் கொன்ற ஆண் வேடிக்கைக் கதையாகிறான். பெண்ணுக்கு மட்டும் ஈராயிரம் ஆண்டுகளாக வசைதான். இந்த ஓரவஞ்சனையை எங்களால் ஏற்க முடியவில்லை.

அந்த விவாதத்தைக் கேட்ட வரலாற்று ஆசிரியை ஒருவர், தமது பாடசாலையிலும் ஆட வருமாறு அழைத்திருக்கிறார். அவருக்கும் நன்றி. நிச்சயம் வருவோம்.

அன்புடன்,
கூத்துக் குழுவினர் சார்பில்,
நெறியாளர்