பதிவுகள் இருக்கின்றன, தேடினால் கிடைப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பருவமழை முன்னேற்பாடுகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் படகு, மணல் மூட்டை, முகாம், ஜெனரேட்டர் எல்லாம் இருந்தன. வெள்ள நேரத்தில் தகவலைத் தேடி எடுப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. கடலூர் மாவட்டத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேடுகிறவருக்குத் தேடியது கிடைக்க வேண்டும் என்பதுதான் என் தொழிலே. அதனால் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்து, கடலூரின் ஆற்றோரக் கிராமங்களையும் பாகூர் பக்கத்தையும் சூழ்ந்துகொண்டது. உதவி கேட்டும், உதவ முன்வந்தும் எக்ஸ் (முன்பு ட்விட்டர்), ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எங்கும் சின்னச் சின்னப் பதிவுகள் குவிந்தன. படகு வைத்திருந்தவர் ஒரு பதிவில், படகு கேட்டவர் இன்னொரு பதிவில். இரண்டும் ஒருவர் கண்ணிலேயே பட்டால்தானே பயன்?

இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. ஒரு நீண்ட கட்டுரையில் ‘வெள்ளம்’ என்ற சொல் இருபது இடத்தில் வந்தால், கட்டுரை எதைப் பற்றியது என்று தேடுபொறி கணித்துவிடும். நாலு வரிப் பதிவில் பெரும்பாலும் எந்தச் சொல்லும் ஒரு தடவைக்கு மேல் வருவதில்லை. எடை போட்டுப் பார்க்க வேறு எதுவும் இல்லாததால், எப்போது எழுதப்பட்டது, எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதே பெரிதாகிவிடுகிறது. பகிர்வைக் கணக்கில் எடுத்தால் சென்னைதான் முன்னால் நிற்கும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து எங்கள் மாவட்டம் மூழ்கியது; டிசம்பரில் சென்னை மூழ்கிய பிறகுதான் சமூக ஊடகம் முழுவதுமாக விழித்தது. அந்த வருத்தம் இங்கே பலருக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்தது ஊர்ப் பெயர். ‘எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்ல, போட் அனுப்புங்க’ என்று எழுதுகிறார்கள். எந்தத் தெரு, எந்த ஊர்? இருக்கும் இடத்தைக் கருவியே பதிந்து அனுப்பும் பதிவுகள் மிகச் சொற்பம். எழுதுகிறவர் சொன்னால்தான் உண்டு. பெயரைச் சொன்னாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. நெல்லிக்குப்பம் பண்ணுருட்டிப் பக்கம் ஒன்று, கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒன்று. புதுக்குப்பம் புதுவை எல்லைக்குள்ளும் இருக்கிறது, எங்கள் மாவட்டத்திலும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அவசரமாக அடித்தால் கடலூரும் நீலகிரியின் கூடலூரும் அடையாளம் தெரியாமல் கலந்துபோகும். ஒரே நகரத்தைப் புதுச்சேரி, புதுவை, பாண்டிச்சேரி, பாண்டி என்று நான்கு விதமாக எழுதுகிறோம். சொல்லை அப்படியே பொருத்திப் பார்க்கும் தேடலில் ‘கடலூர்’ என்று கேட்டால் ‘கடலூரில்’, ‘கடலூருக்கு’, ‘கடலூர்லேந்து’ எதுவும் வராது. வேற்றுமை உருபைக் கழித்துவிட்டு வேர்ச்சொல்லைப் பிடிக்கும் நிரல்கள் தமிழுக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை எடுத்து வெள்ளக் காலத்துக்கென்று ஒரு தேடல் பக்கம் அமைப்பது நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களால் முடியாத காரியமா?

உலகத்தில் யாரும் செய்யாததை நான் கேட்கவில்லை. தேடல் முறைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று அமெரிக்காவில் நடக்கும் ட்ரெக் (TREC) ஆய்வரங்கம் 2011 முதல் 2015 வரை குறும்பதிவுகளில் தேடுவதற்கென்றே தனிப் பிரிவு நடத்தியது. முதலில் கிடைக்கும் சில பதிவுகளில் கூடவே வரும் சொற்களையும் சேர்த்து மறுபடி தேடுவது அங்கே பலர் கையாண்ட வழி. ‘படகு’ என்று தேடினால் ‘போட்’, ‘மீட்பு’, ‘தீயணைப்பு’ என்று எழுதியவர்களும் அகப்படுவார்கள். அதே போன்ற இந்தியாவின் ஃபயர் (FIRE) ஆய்வரங்கம் 2016இல், நேபாள நிலநடுக்கத்தின்போது வந்த சுமார் 50,000 ட்விட்டர் பதிவுகளைக் கொடுத்து, எங்கே என்ன தேவை, யாரிடம் என்ன இருக்கிறது என்று பிரித்தெடுக்கச் சொன்னது. ஆண்டுக்கு ஆண்டு புயல் பார்க்கும் நம் கடற்கரைக்குத் தமிழில் இப்படி ஒரு வேலை நடக்க வேண்டும்.

எனக்கு மிகுந்த மனவேதனை தருவது இன்னொன்று. பல அரசுத் துறைகள் அறிவிப்பைத் தாளில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அதைப் படமெடுத்துப் பதிவிடுகின்றன. முகாம் எந்தப் பள்ளியில், எந்தப் பாலம் மூடப்பட்டது என்பதெல்லாம் அந்தப் படத்துக்குள் சிறைப்பட்டுவிடுகிறது; எழுத்தைத் தேடும் தேடலில் வராது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் கருவிக்கும் எட்டாது. சில அறிக்கைகள் பழைய எழுத்துருவில் இருக்கின்றன, நகலெடுத்தால் கோணல்மாணலாகக் கொட்டுகிறது. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற யூனிகோடு எழுத்துமுறையை 2010லேயே தமிழக அரசு ஏற்று ஆணை போட்டுவிட்டது. படம் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அதே செய்தியை நாலு வரி எழுத்தாகவும் போட வேண்டும்.

பொதுமக்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆபத்தில் இருப்பவர் முதலில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐ அழைக்க வேண்டும், பதிவு அதற்குப் பிறகு. பதிவிட்டால் தெரு, ஊர், வட்டம், மாவட்டம், தேதி, மணி, தேவை இத்தனையும் அதிலேயே இருக்கட்டும். உதவி வந்து சேர்ந்ததும் பழைய பதிவிலேயே ‘உதவி கிடைத்துவிட்டது’ என்று எழுதுங்கள். பகிர்கிறவர்கள் தேதியைப் பார்த்துவிட்டுப் பகிருங்கள். ‘தானே’ புயல் அடித்தது 2011 டிசம்பரில். அந்தப் படத்தை இன்றைய படமாக அனுப்பினால், உண்மையில் இன்று தவிக்கிறவரின் பதிவு அதன் அடியில் புதைந்துபோகும்.

தங்கள் இதழ் கடலூர், புதுவை இரண்டு பக்கமும் போகிறது. பாகூர்க்காரருக்கு ஆட்சி புதுவையில், அக்கம்பக்கமெல்லாம் கடலூர் மாவட்டம். அவர் இரண்டு இடத்துச் செய்தியையும் தேட வேண்டியிருக்கிறது. அக்டோபருக்கு முன்பே, பதிவு எழுத வேண்டிய முறையை ஒரு மாதிரியோடு கட்டம் கட்டி வெளியிடுங்கள். இரு நிர்வாகங்களும் பதிவுகளில் சேர்க்க ஒரே குறிச்சொல்லை (ஹேஷ்டேக்) அறிவிக்கும்படி தலையங்கம் எழுதிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.