ஆறு வயதில் முளைக்கும் பல்

முக்கூடல், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் அக்காமாருக்கும் அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். கிராம்பை நசுக்கி வைத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன். "பால் பல்தானே, விழுந்து முளைச்சிரும்" என்றார்கள் ஆச்சி. நானும் அப்படித்தான் நம்பினேன். மறுநாள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் பார்த்துவிட்டு, "இது பால் பல் இல்லம்மா, எடுத்தா இனி முளைக்காது" என்றார். எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாகக் கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமல் வருவதால், அவற்றையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அவற்றின் மேலே ஆழமான பள்ளங்கள் உண்டு. பிஸ்கட்டும் மிட்டாயும் அங்கே போய் அப்பிக்கொள்ளும். முளைத்த புதிதில் எனாமலும் முழுசாகக் கெட்டிப்பட்டிருக்காது. ஆயுசுக்கும் சோறு மெல்ல வேண்டிய பல்லில் எட்டு வயதுக்குள் ஓட்டை விழுந்துவிடுகிறது. பால் பல்லையும் சும்மா விடக்கூடாது. அதில் சீழ் வைத்தால் அடியில் இருக்கும் பல்லின் குருத்தையும் கெடுத்துவிடும்.

பள்ளிக்கு அரசு மருத்துவக் குழு வருகிறது. 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் அவர்கள் பார்க்கும் 30 குறைகளில் பல் சொத்தையும் ஒன்று. சொத்தை இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். என் மகனுக்கு இரண்டாம் வகுப்பிலேயே சீட்டு வந்தது. அது பீடி இலைக் கட்டுக்கு அடியில் கிடந்தது. பாளையங்கோட்டைக்குப் போனால் அன்றைய பீடிக் கூலி போச்சு. வலிக்காத பல்லுக்காக ஒரு நாள் கூலியை விட எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்து அம்மாமார் நிறையப் பேருக்கு இதே நிலைமைதான்.

அதனால்தான் கேட்கிறேன். சீட்டு வாங்கிய பிள்ளைகளை ஒரே நாளில் ஒரே வண்டியில் கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். துணைக்கு மூன்று நான்கு அம்மாமார் போதும், மற்றவர்கள் வேலையை விட வேண்டாம். அடுத்த முறை வேறு ஆட்கள் போகட்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை முதலில் ஏற்றுங்கள். அந்த வயதில் போனால் பள்ளத்தைப் பூசி அடைத்தே பல்லைக் காப்பாற்றிவிடலாம்.

அப்புறம், காலை உணவு முடிந்ததும் பிள்ளைகளை வாய் கொப்பளிக்க வையுங்கள். ராத்திரிப் பல் தேய்ப்பதைப் பற்றியும் பெற்றோரிடம் பேசுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால், ஒட்டியிருக்கும் இனிப்பு அப்போதுதான் பல்லை அதிகம் அரிக்கிறது. பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதுங்கள். முதல் வண்டிக்குத் துணையாக நான் வருகிறேன். அன்றைக்குப் பீடித் தட்டை இறக்கி வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா