இரண்டாம் தவணை நிறைவும் காலை மூன்று நிமிடமும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. தமிழ்த்தினப் போட்டிகளில் பிள்ளைகள் கோட்ட மட்டத்திலும் வலய மட்டத்திலும் இடங்களைப் பெற்றார்கள். சிரமதானத்துக்கு வந்து வளவைத் துப்புரவாக்கித் தந்தீர்கள். தவணைப் பரீட்சைப் புள்ளிகள் தேர்ச்சி அறிக்கையில் வரும். எல்லோருக்கும் எமது பாராட்டுகள்.

இன்னொரு விடயத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. காலைக் கூட்டம் முடிந்ததும் 7.45 முதல் 7.48 வரை எல்லா வகுப்புகளும் அமைதியாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சில வாரங்களாகத் தரம் 5 பிள்ளைகள் சிலர் அந்த நேரம் கழியும் வரை படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளிலேயே வைத்திருக்கப்படுகிறார்கள். மடியில் மாதிரி வினாத்தாள். கேட்டால், "சும்மா இருக்கிற நேரத்துக்கு ரெண்டு கேள்வி செய்யட்டும் சேர்" என்கிறீர்கள்.

உங்கள் பதற்றம் எங்களுக்கு விளங்குகிறது. கணக்கும் சரிதான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் 60 நிமிடத்துக்கு 40 வினாக்கள். மூன்று நிமிடம் என்றால் இரண்டு வினா. ஆனால் திருத்தும் ஆசிரியர்கள் காட்டும் தாள்களைப் பாருங்கள். விடை தெரியாமல் விட்டதைவிட, "பொருந்தாதது எது" என்பதைப் "பொருந்துவது எது" என்று வாசித்துப் பிழைவிட்டவையே கண்ணில் உறுத்துகின்றன. அவசரத்தில் ஓடும் கண் ஒரு சொல்லைத் தாண்டிவிடுகிறது. அந்தக் கண்ணை ஓரிடத்தில் நிறுத்தப் பழக்குவதற்கே இந்த மூன்று நிமிடம்.

வகுப்பில் நடப்பது இதுதான். பிள்ளை கதிரையில் நிமிர்ந்து இருக்கும். இரண்டு பாதமும் நிலத்தில், ஒரு கை வயிற்றில். மூக்கால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடும். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணிவது உடலின் இயல்பு. அதனால்தான் விடும் மூச்சை நீட்டுகிறோம். ஒரு சுற்றுக்கு 10 செக்கன், இரண்டு நிமிடத்துக்கு 12 மூச்சு. தரம் 1, 2 பிள்ளைகளுக்கு எண்ணிக்கை தேவையில்லை. இடது கையை விரித்து, வலது சுட்டுவிரலால் பெருவிரலின் ஓரமாக ஏறும்போது இழுத்து, இறங்கும்போது விடுவார்கள். ஐந்து விரலுக்கு ஐந்து மூச்சு. கடைசி நிமிடம் கேட்பதற்கு மட்டும்: மின்விசிறி, காகம், பாலத்தால் போகும் பஸ். மட்டக்களப்பு வாவியில் துடுப்பை ஊன்றி மறுநுனியில் காது வைத்து மீன்பாட்டுக் கேட்பார்கள் அல்லவா, அதை நினைத்துச் சின்னப் பிள்ளைகள் இதை "மீன்பாட்டு நிமிடம்" என்கிறார்கள். மனம் வேறெங்கோ போகும், போகட்டும். போனதைக் கண்டு திரும்பக் கூட்டிவருவதுதான் பயிற்சியே.

வீட்டில் செய்விக்கும்போது சில பிழைகள் நடக்கின்றன. "நல்லா இழு, நல்லா இழு" என்று ஊக்கினால் பிள்ளை வேகமாகவும் ஆழமாகவும் மூச்செடுத்து, உடலில் காபனீரொட்சைட்டு குறைந்து, தலைசுற்றும். விரல் நுனி விறுவிறுக்கும். உடனே நிறுத்தி வழமைபோல் மூச்சுவிடச் சொல்லுங்கள். தோள் உயர்ந்தால் மூச்சு நெஞ்சோடு நிற்கிறது என்று அர்த்தம். மூச்சை அடக்கச் சொல்ல வேண்டாம், முக்கியமாக ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை. கண்ணை மூடும்படி வற்புறுத்தவும் வேண்டாம். போரையும் 2004 சுனாமியையும் கண்ட ஊர் இது. கண்ணை மூடினால் கலங்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். மேசையில் ஒரு புள்ளியைப் பார்த்தாலே போதும். இதில் எந்தச் சமய வழிபாடும் இல்லை என்பதையும் மீண்டும் உறுதிப்படுத்துகிறோம்.

7.46க்கு ஒரு பிள்ளை உள்ளே வந்தால் கதிரை இழுபடும், பையின் சிப் திறபடும், முப்பத்தைந்து தலைகள் திரும்பும். அந்த வகுப்புக்கு அன்றைய நிமிடங்கள் போய்விட்டன. ஆகவே தெளிவாகச் சொல்கிறோம்: அடுத்த தவணை முதல் 7.30க்குப் படலை மூடப்படும். பிந்தி வருபவர் நேரே வகுப்புக்குப் போக முடியாது. படலையடி வாங்கில் கடமை ஆசிரியருடன் இருந்து, அந்த மூன்று நிமிடத்தையும் அங்கேயே முடித்த பின்னரே போகலாம். இது பிள்ளைக்குத் தண்டனை அல்ல. பிந்தியது பிள்ளையின் குற்றமும் அல்ல. படலையடியில் வினாத்தாள் செய்விப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அந்த நேரம் ஹோர்ன் அடிப்பதையும் அனுமதிக்க மாட்டோம்.

பாடசாலை 1.30க்கு விடுகிறது; பலருக்கு 2.30க்கு ரியூசன். இடையில் பத்து நிமிடம் கொடுங்கள். சீருடை மாற்றி, கால் கழுவி, ஒரு கோப்பை தண்ணீரை இருந்து குடிக்கட்டும். தொலைபேசி மற்ற அறையில் இருக்கட்டும். பிறகு ஐந்து விரல், ஐந்து மூச்சு. நேரம் குறித்து வைத்தால் மறந்துபோகும். கால் கழுவுவதோடு சேர்த்துவிட்டால் பழகிவிடும். நீங்களும் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணுமுன் மூன்று மூச்சு எடுத்துப் பாருங்கள்.

விடிய எழும்பிச் சோறு கட்டி, வேலைக்கும் ஓடி, பிள்ளையையும் நேரத்துக்குக் கொண்டுவந்து விடுகிற உங்கள் பாட்டை நாங்கள் நாளும் காண்கிறோம். சொல்லாமலே படலையடியில் எஞ்சினை நிறுத்தி, ஓட்டோவை உருட்டிக்கொண்டு வரும் சாரதிமார்களுக்கும், பெற்றோர் கூட்டத்தில் இந்த நேரத்துக்காகப் பேசிய அம்மாமார்களுக்கும் எமது மனமார்ந்த நன்றி. விடுமுறையில் பிள்ளைகளோடு பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனால், ஒரு நிமிடம் பேசாமல் நின்று என்னென்ன சத்தம் கேட்டது என்று எழுதுவித்து அனுப்புங்கள். தவணை முதல் நாள் வகுப்பில் வாசிப்போம்.

இங்ஙனம்,
அதிபர்