தம்பிக்கு, திருவாரூரிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, அக்கா, குழந்தைகள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்புபோலத்தான். அங்கே நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலன்று பேசியபோது உன் குரல் கட்டியிருந்தது. நான் "என்ன தம்பி" என்று கேட்பதற்குள் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாய். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. வேலை மும்முரமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா ஏதோ சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

நான் எழுத உட்கார்ந்தது அந்தத் தோட்டத்தைப் பற்றி. நாங்கள் டொராண்டோ வந்திருந்தபோது ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டினாயே, அந்த இசைத் தோட்டம். அன்று நீ சொன்ன எதையும் நான் மறக்கவில்லை. யோஹான் செபாஸ்டியன் பாக், செல்லோ என்ற ஒற்றை வாத்தியத்துக்கென்று எழுதியவற்றில் முதல் தொகுப்புக்கு ஆறு பகுதிகள். தோட்டத்துக்கும் அதே ஆறு பகுதிகள். யோ யோ மா என்ற செல்லோ கலைஞரும் ஜூலி மொயர் மெஸ்ஸர்வி என்ற தோட்ட வடிவமைப்பாளரும் சேர்ந்து உருவாக்கி, 1999இல் திறந்தார்கள்.

முதல் பகுதியில் ஆறு வளைந்து ஓடுவதுபோலக் கருங்கற்களைப் போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஹேக்பெரி மரங்கள், சம இடைவெளியில், நேராக. "அப்பா, இவைதான் தாளம்" என்றாய். நான் கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு அந்த மரவரிசையில் நடந்தேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ கூச்சப்படாமல் என்கூடவே நடந்தாய். அதை இங்கே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? தவில்காரர் வீட்டில், கோயில் வாசலில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட. என் மகன் மரத்தை வைத்துத் தாளம் போடுகிறவன் என்று சொன்னேன்.

அந்த ஊசியிலை மரச்சோலையும் நினைவில் இருக்கிறது. மரங்கள் வளைத்து நிற்க, நடுவில் பெரிய கல், அந்தக் கல்லின் குழியில் கொஞ்சம் தண்ணீர், அந்தத் தண்ணீரில் வானம். சராபாந்த் என்று பெயர் சொன்னாய். மூன்று எண்ணிக்கையில் இரண்டாவதில் கனம் விழுகிற மெதுவான நடனம் என்றாய். விளம்ப காலம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாதையே என்னை மெதுவாக நடக்க வைத்தது. பாட்டில் காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, வாசிக்கிறவன் தீர்மானிக்கிறான். தோட்டத்தில் அதைப் பாதையின் அகலமும் வளைவும் தீர்மானிக்கின்றன.

ஆனாலும் அன்றே ஒன்று சொல்ல நினைத்தேன். அங்கே பாட்டு முதலில் இருந்தது, அதை மண்ணில் வைத்தார்கள். நம்மிடம் மண் முதலில் இருந்தது, பாட்டை அதற்கு அளவெடுத்தார்கள். சுவாமி புறப்பாட்டுக்கு நாயனத்தில் வாசிக்கிற மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது. கம்பீரநாட்டை இராகத்தில் மூன்று வேகத்திலும் வாசித்து, சுவாமி கோபுர வாசலுக்கு வந்து சேரும்வரை கொண்டுபோக வேண்டும். வாசல் தாண்டினால்தான் இராகம். வீதி நீளமென்றால் ஆலாபனையும் நீளம். தேர் மேலவீதி முனையில் திரும்பும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை ஒரே ஸ்வரத்தில் நின்று, அலுக்காமல் அதையே சுற்றிச் சுற்றி வர வேண்டும். உன் தாத்தா அந்த முனையில் வாசித்த சஹானாவை நீயும் கேட்டிருக்கிறாய், என் தோளில் உட்கார்ந்து.

முத்துசுவாமி தீட்சிதரும் இந்த ஊர்க்காரர்தான். நம் கோயில் கமலாம்பாள் மேல் அவர் செய்த நவாவரணக் கீர்த்தனைகள் ஒன்பது சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கடந்து உள்ளே போகின்றன. முதல் ஆவரணம், அதாவது முதல் சுற்று, ஆனந்தபைரவி இராகம், ஒன்பதாவது ஆகிரி. நடுவில் கல்யாணியும் காம்போதியும் வருகின்றன. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குப் போகும்போது காற்று மாறுவதுபோல இராகம் மாறுகிறது. தோட்டம் வரைகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நீ உட்கார்ந்து ஒருமுறை வரிசையாகக் கேள். பொறுமையாக, ஒரே மூச்சில் முடிவு கட்டாமல் கேள்.

உன் பழைய தோட்ட வரைபடங்களைப் பற்றி ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. வாசலில் நுழைந்ததும் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரே வரியை விதவிதமாகப் பாடுகிற சங்கதிகளில் முதல் சங்கதியிலேயே முழுதும் காட்டிவிட்டால் அடுத்ததற்கு என்ன மிச்சம்? ஒரே மரத்தை மூன்று திருப்பங்களில் மூன்று விதமாகக் காட்டத் தெரிய வேண்டும். பல்லவி திரும்ப வரும்போது வரி அதேதான். கேட்கிறவன் அதற்குள் சரணம் கேட்டு மாறியிருப்பான். மேலிருந்து பார்த்து வரையாதே தம்பி, நடந்து வரை என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

ஆனால் போன வருஷம் போனில் காட்டினாயே, அந்த ஓடைக்கரைப் பூங்கா, அதில் இந்தக் குறை இல்லை. நடுவில் ஒன்றும் வைக்காமல் புல்வெளியாக விட்டிருந்தாய். பார்த்ததும் எனக்கு நம் கோயில் குளம் கமலாலயம்தான் ஞாபகம் வந்தது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று சொல்வார்களே. கோயில் அளவுக்குத் தண்ணீரை வெறுமனே விட்டு, நடுவில் சின்னதாக ஒரு நாகநாதர் கோயிலை மட்டும் வைக்க எவ்வளவு துணிவு வேண்டும்! ஆலாபனையில் அந்தத் துணிவு வருவதற்கு எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று. உனக்கு இந்த வயதில் வந்திருக்கிறது. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். அந்த அலுவலகத்தார் அந்த நடுவெளியில் கார் நிறுத்த இடம் கேட்டார்கள் என்றும் நீ மறுத்துவிட்டாய் என்றும் பிறகு தெரிந்தது. நீ சொல்லித் தெரியவில்லை.

ஏரிக்கரைத் தோட்டத்தைப் பற்றி நீயே அன்று சொன்ன இன்னொரு சேதியை நீ மறந்திருக்கலாம். அது முதலில் டொராண்டோவுக்காக யோசித்ததே இல்லை. பாஸ்டனில், நகர்மன்றக் கட்டடத்துத் திடலில் அமைப்பதாக இருந்தது. அங்கே நடக்கவில்லை. அவர்கள் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிடவில்லை. வேறு ஊர் கேட்டது, வேறு மண்ணில் அமைத்தார்கள். அந்த அம்மாள் ஒரு திடலுக்காக யோசித்ததை ஏரிக்கரைக்கு மாற்றி அமைத்திருப்பார். ஒரு சுருதியில் சரியாக வராத பாட்டை நாமும் சுருதி மாற்றிப் பாடுவதில்லையா? உன் ஓடைப் பூங்காவுக்கும் வேறு கரை இருக்கும். எந்த முடிவானாலும் எடுப்பதற்கு முன் அந்த ஓடைக்கரையில் ஒருமுறை நடந்துவிட்டு வா. மருமகளையும் அழைத்துப் போ. அவள் சொல்வதைக் கேள். நடந்து பார்க்காமல் முடிவு எடுக்காதே.

வாடகை, செலவு எதுவானாலும் அதற்காக மட்டும் அவசரப்படாதே. கீழவீதி வீட்டு விஷயம் முடிந்துவிட்டது, பணம் பேங்கில் இருக்கிறது. இதை நான் சொன்னதாக அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

தாத்தாவின் நாயனத்துக்கு எண்ணெய் போடுகிறாயா? உங்கள் ஊர் ஹீட்டர் காற்றில் ஆச்சா மரம் வறண்டு வெடித்துவிடும். நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டைக்குப் போயிருந்தேன். 2022இல் அந்த ஊர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர்க்காரர்களும் தேடி வருகிறார்கள் என்று பட்டறையில் சொன்னார்கள். ஆனால் நல்ல பழைய ஆச்சா கிடைப்பது அருமையாகிவிட்டது என்றும் வருத்தப்பட்டார்கள். அப்படியே திருவாவடுதுறையில் உனக்காக நாயனத்தில் செருகி ஊதுகிற சீவாளி வாங்கினேன். காவிரிக்கரை நாணல். வாயில் வைத்து நன்றாக ஊறிய பிறகு ஊது, காய்ந்ததை ஊதினால் பிளந்துவிடும். சித்தி மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று நினைத்தால் ஏரிக்கரைக்கு எடுத்துக்கொண்டு போ. அந்த மரவரிசையில் நின்று மல்லாரி வாசித்துப் பார். எத்தனை ஆவர்த்தனத்தில், அதாவது எத்தனை தாளச் சுற்றில், கடைசி மரம் வருகிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இங்கே எந்த நேரமானாலும் விழித்திருப்பேன். போனை உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே, முதலில் என்னிடம் பேசு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அக்கா சொன்னாள் என்று எழுதிவிட்டேன். அதற்காக அவளிடம் சண்டைக்குப் போகாதே. இரண்டு வாரம் அடக்கி வைத்திருந்துவிட்டு, நான் வற்புறுத்திய பிறகுதான் சொன்னாள்.